நேரில் வந்து போட வேண்டிய கையெழுத்து

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. முழங்கால் இரண்டையும் தவிர இங்கே மற்றதெல்லாம் சௌக்கியம். கடல் கடந்து அங்கே நீயும் உன் வீட்டுக்காரியும் சின்னவளும் குளிருக்கு அடக்கமாக இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். போனில் கேட்டால் ஒரு நிமிட வேலைதான். ஆனால் நாம் போனில் பேசி நாலு வருடம் ஆகிறது. கடைசியாகப் பேசியதும் பேச்சு மாதிரியா இருந்தது? எழுதும்போது எனக்கு வாய் முந்திக்கொள்ளாது. அதனால் கடிதமே இருக்கட்டும்.

உன் நாலு வரி கிடைத்தது. அம்மா நம் இருவர் பேருக்கும் எழுதிவைத்த வீட்டை விற்றுவிடலாமா என்று கேட்டிருந்தேன். தாராளமாக விற்கலாம், நல்ல புரோக்கராகப் பார்த்துக் கொடுத்துவிடு, என் சார்பில் நீயே கையெழுத்துப் போடுகிற மாதிரி ஒரு பவர் பத்திரம் அனுப்பிவிடுகிறேன் என்று எழுதியிருக்கிறாய். சம்மதித்ததில் சந்தோஷம். இனிமேல் மாடிப்படி ஏறி இறங்க என்னால் ஆகாது. படுக்கை மேலே, அடுப்படி கீழே. காலையில் காபி போடக் கீழே இறங்கிய பிறகுதான் மூக்குக்கண்ணாடி மேலே இருப்பது ஞாபகம் வரும். நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் தரைத்தளத்தில் ஒரு சின்ன வீடு பார்த்து வைத்திருக்கிறேன். அதன் சொந்தக்காரர் ஜூன் கடைசிவரை காத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

ஆனால் புரோக்கர் பேச்சை விட்டுவிடு. வீட்டை நானே விற்கப் போகிறேன். நாற்பது கட்டில் வார்டை முப்பத்து நாலு வருடம் நடத்தியவளுக்கு நாலு அறை வீட்டை விற்கத் தெரியாதா? வாசலைக்கூடக் கூட்டாத ஒருவர் வந்து, கதவைத் திறந்து காட்டிவிட்டு, கமிஷன் வாங்கிக்கொண்டு போவார். அதற்கு நான் எதற்கு இருக்கிறேன்? இந்த வீட்டில் எந்தக் குழாயை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்?

இன்னொரு விஷயம். விசாரித்துவிட்டேன். புரோக்கர் இல்லாமல் சொந்தக்காரர்களே விற்றால் பவர் பத்திரம் எல்லாம் செல்லாதாம். பேர் இருக்கிற இருவரும் பதிவு அலுவலகத்துக்கு நேரில் வந்துதான் கையெழுத்துப் போட வேண்டுமாம். சட்டம் அப்படி. நான் என்ன செய்ய முடியும்? ஜூன் மாதத்துக்கு லீவு சொல்லி வைத்துவிடு.

சின்னவளுக்கு இருமல் என்று எழுதியிருந்தாயே, வெந்நீரில் ஆவி பிடிக்கச் சொல். மருந்துக் கடைக்காரன் சொல்கிறான் என்று கண்ட சிரப்பையும் ஊற்றாதே. எல்லோருக்கும் என் ஆசிகள்.

உன் அக்கா


ஏப்ரல் 2

அன்புள்ள தம்பிக்கு,

அக்காவின் ஆசிகள். உன் பதில் ஜனவரியிலேயே வந்துவிட்டது. "உன் இஷ்டம் அக்கா." மூன்றே வார்த்தை. தந்தி கொடுக்கிற காலம் மலையேறிவிட்டது, இன்னும் நாலு வார்த்தை எழுதினால் யாரும் கூடுதலாகக் காசு கேட்க மாட்டார்கள்.

வீட்டைக் கட்டிப் பார் என்று சொன்ன பெரியவர்கள், விற்றுப் பார் என்று ஏன் சொல்லாமல் விட்டார்கள் என்று தெரியவில்லை. ஒருவேளை அவர்கள் காலத்தில் புரோக்கரிடம் கொடுத்துவிட்டார்களோ என்னவோ. நடந்ததைச் சொல்கிறேன், நீ சிரிப்பதாக இருந்தால் தாராளமாகச் சிரி.

வாசலில் ஒரு பலகை மாட்டினேன். "வீடு விற்பனைக்கு. சொந்தக்காரரே விற்கிறார். புரோக்கர்கள் வர வேண்டாம்." வார்டில் 'சத்தம் போடாதீர்கள்' என்று எழுதி வைப்பேனே, அதே எழுத்து. இரண்டு மாதத்தில் பதினோரு பேர் வந்தார்கள். அதில் மூன்று பேர் எதிர்த்தெருவில் வாடகைக்கு இருப்பவர்கள், உள்ளே எப்படி இருக்கிறது என்று பார்க்க வந்தார்கள். ஓய்வு பெற்ற பேங்க் மேனேஜர் ஒருவர் சுவர் சுவராகத் தட்டிப் பார்த்தார். ஒரு நாடித்துடிப்பும் கிடைக்காத மாதிரி உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார். மற்றவர்கள் நிஜமாகவே வாங்க வந்தவர்கள்தான். ஒருவரும் இரண்டாவது தடவை வரவில்லை.

தப்பு எங்கே என்று எனக்குப் பிடிபடவில்லை. வந்தவர்களிடம் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை, தம்பி. அதுதான் தப்பு என்று பிறகு தெரிந்தது. வார்டில் டியூட்டி மாறும்போது, அடுத்து வருகிறவளிடம் ஒப்படைக்க ஒரு முறை உண்டு. முதலில் குறையைத்தான் சொல்ல வேண்டும். எந்தக் கட்டிலுக்குக் காய்ச்சல், யாருக்கு மூச்சுத் திணறல், யாருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை. நன்றாக இருப்பவரைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது, அவர் பாட்டுக்குத் தூங்குவார். நானும் வாசலில் செருப்பைக் கழற்றுகிறவர்களிடமே ஆரம்பித்துவிடுவேன். கீழ் பாத்ரூம் சுவரில் அடைமழைக்கு ஈரம் வரும். கிழக்கு ஜன்னல் முழுதாகச் சாத்தாது. பக்கத்து வீட்டு மோட்டார் காலை ஐந்து மணிக்கு இரையும். கீழ் அறையைத் திறந்து காட்டும்போது, அம்மா இந்த அறையில்தான் போனாள் என்பேன். புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி அதைக் கேட்டுவிட்டு, மாடியைப் பார்க்காமலே கிளம்பிவிட்டது. அந்தப் பெண் பயத்தில் தன் செருப்பை விட்டு என் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள். அது நல்ல செருப்பு.

போன மாதம் ஒருத்தி வந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். ஸ்கூட்டரை ஒழுங்காக ஓரம் கட்டி நிறுத்திவிட்டு, பலகையை நின்று படித்துவிட்டு மணியை அடித்தாள். இடுப்பில் ஏழெட்டுச் சாவிகள். இந்தப் பக்கம் அவளைச் சாவிக்கொத்து என்றுதான் சொல்கிறார்கள். நீ புரோக்கர்தானே என்று கேட்டேன். ஆமாம் என்றாள். பலகையைப் படிக்கவில்லையா என்றேன்.

"படிச்சேன் சிஸ்டர். யார் வரக்கூடாதுன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கீங்க. யார் வரணும்னு போடவே இல்லையே."

எனக்கு வந்த கோபத்துக்குக் கதவைச் சாத்தியிருக்க வேண்டும். ஆனால் அவள் சொன்னது நியாயமாக இருந்தது. உள்ளே வந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுப் போ என்று மட்டும் சொன்னேன். அவளும் தண்ணீரை மட்டும் குடித்துவிட்டுப் போய்விட்டாள். வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் நானே போன் செய்தேன்.

தம்பி, வேலை தெரிந்தவர்களைக் கண்டால் எனக்கு மரியாதை தானாக வரும், அது உனக்குத் தெரியும். ஊசி போடுகிற கையைப் பார்த்தே இவள் தேறுவாளா மாட்டாளா என்று சொல்லிவிடுவேன். இவள் முதல் நாள் வீட்டைப் புகழவே இல்லை. காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை என்று மூன்று நேரம் வந்தாள். எந்த அறையில் எப்போது வெளிச்சம் விழுகிறது என்று பார்த்துக் குறித்துக்கொண்டாள். எல்லாக் குழாயையும் திறந்து மூடினாள். மாடிப்படியில் உட்கார்ந்து பார்த்தாள். நான் எந்த இடத்தில் அதிகம் உட்காருவேன் என்று கேட்டாள். அடுப்படி ஜன்னலோரம் என்றேன். அங்கே போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, ஆமாம், இதுதான் வீடு என்றாள். அறுபது வருடமாக இருக்கிறேன், எனக்குத் தெரியாது.

கீழ் அறையில் அம்மாவின் கட்டில், சக்கர நாற்காலி, ஆக்ஸிஜன் சிலிண்டர், மருந்து அலமாரி எல்லாம் அப்படியேதான் இருந்தன. நாலு வருடமாகத் துடைத்துத் துடைத்து வைத்திருந்தேன். எடுத்துவிடுங்கள் என்று சொல்வாள் என நினைத்து நான் சண்டைக்குத் தயாராக இருந்தேன். அவள் வாசற்படியிலேயே நின்றாள். அப்புறம், இதெல்லாம் இப்போது யாருக்காவது தேவைப்படுமே சிஸ்டர் என்று மெதுவாகச் சொன்னாள். அவ்வளவுதான். முதியோர் இல்லம் ஒன்றில் அவளே பேசி, வண்டி வைத்து, கட்டிலைப் பிரிக்க ஆளும் கூட்டிவந்தாள். சக்கர நாற்காலியில் எந்தப் பக்கம் பிரேக் சரியாகப் பிடிக்காது என்று வண்டிக்காரரிடம் நான் ஒப்படைக்கும்போது, அதை மட்டும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

ஒரு மாதம் பார்க்கிறேன் என்று அவளிடம் கொடுத்திருக்கிறேன். அவள் போட்ட ஒரே நிபந்தனை, ஆள் வரும்போது நான் வீட்டில் இருக்கக்கூடாது. நான் இருந்தால் வீடு நோயாளி ஆகிவிடுகிறதாம். எதிரில் இருக்கிற தையல் கடையில் போய் உட்கார்ந்து, மெஷினுக்குப் பின்னால் ஒளிந்து பார்க்கிறேன். தையல்காரர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். சிரிக்கட்டும்.

ஆகவே, நீ சொன்னதுதான் கடைசியில் நடந்தது. புரோக்கர் விஷயத்தில் நீ ஜெயித்தாய். ஆனால் புரோக்கர் இருந்தாலும் கையெழுத்துக்கு நீ நேரில் வரவேண்டியிருக்கும் போலத்தான் தெரிகிறது. சட்டம் அப்படி. லீவு சொல்லிவிட்டாயா என்று நீ எழுதவே இல்லை.

உன் வீட்டுக்காரியைக் கேட்டதாகச் சொல். சின்னவளுக்குப் பரீட்சை நேரம், ரொம்பப் படி படி என்று உயிரை எடுக்காதே.

உன் அக்கா


மே 18

அன்புள்ள தம்பிக்கு,

வீடு விலைபோய்விட்டது. உட்கார்ந்து படி, இது கொஞ்சம் நீளமான கடிதம்.

வாங்குகிறவர் ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவர். அவர் மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். அவருடைய அம்மாவுக்கு நடை தளர்ந்துவிட்டது, கூடவே வருகிறார். இவர்கள் வந்த அன்று சாவிக்கொத்து செய்ததைத் தையல் கடையிலிருந்து பார்த்தேன். வேறு யார் வந்தாலும் பூட்டை அவள்தான் திறப்பாள். அன்று சாவியை அந்த மனைவி கையில் கொடுத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றுகொண்டாள். அந்தப் பெண்ணே பூட்டைத் திறந்து, அந்தப் பெண்ணே முதலில் உள்ளே போனாள். இவர்கள்தான் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. தையல்காரரிடம் சொன்னேன், அவர் நம்பவில்லை.

பாத்ரூம் ஈரத்தை மறைத்து விற்றுவிட்டாளோ என்று எனக்கு உள்ளூர ஒரு குறுகுறுப்பு. நேரே கேட்டுவிட்டேன். மறைக்கவில்லையாம். குழாய்க்காரரை வைத்து முன்பே சரி செய்துவிட்டு, எல்லாம் பார்த்து முடித்த பிறகு, இங்கே இப்படி ஒரு குறை இருந்தது, இன்ன தேதியில் சரி செய்தோம் என்று சொல்லியிருக்கிறாள். மோட்டார் சத்தத்தையும் சொல்லியிருக்கிறாள். பஸ் டிரைவர் நாலரைக்கே எழுந்திருக்கிறவர், நல்லதாகப் போயிற்று என்றாராம்.

மறுநாள் அந்தப் பெண் தனியாக என்னைப் பார்க்க வந்தாள். கீழ் அறையைத் தன் மாமியாருக்குக் கொடுக்கப் போவதாகச் சொன்னாள். அந்த அறையைப் பற்றிப் புரோக்கர் என்ன சொன்னாள் என்று கேட்டேன். "ஒரு மகள் ஒன்றரை வருஷம் அம்மாவைத் தரையில கால் படாம வச்சுப் பாத்துக்கிட்ட ரூம்னு சொன்னாங்க. அதைக் கேட்டதும்தான் முடிவு பண்ணினோம்" என்றாள்.

அதே அறைதான். அதே விஷயம்தான். அம்மா இங்கேதான் போனாள் என்று பதினோரு பேரிடம் நான் சொன்னேன். அம்மா இங்கேதான் இருந்தாள் என்று ஒருத்தி சொல்லியிருக்கிறாள். இரண்டும் உண்மை. அவள் ஒரு வார்த்தை கூட்டவில்லை. நாலு வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொள்ளத் தெரியாததை வீடு பார்க்க வந்தவர்களிடம் சொல்லியிருக்கிறாள். அந்தப் பெண் போன பிறகு நன்றாக அழுதேன்.

இனி, உன்னிடம் சொல்ல வேண்டியது.

போன வாரம் சாவிக்கொத்து பத்திரக் காகிதங்களோடு வந்தாள். பதிவு ஜூன் இருபத்து நாலு என்று நாள் பார்த்தாயிற்று, தம்பியிடம் பவர் வாங்கிவிட்டால் வேலை சுலபம் என்றாள். அதெல்லாம் செல்லாது, அவன் நேரில் வந்துதான் ஆகவேண்டும் என்றேன். அவள் பேனாவை மூடிக் கீழே வைத்தாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"சிஸ்டர், நான் இருபது வருஷமா பத்திரம் பண்றேன். பவர் செல்லும்னு எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். உங்களுக்கு வீடு விக்கணுமா, தம்பி வரணுமா? ரெண்டும் வேற வேற வேலை. முதல் வேலைக்குத்தான் நான் கமிஷன் வாங்கறேன். ரெண்டாவதுக்குப் புரோக்கர் கிடையாது. அதை நீங்களேதான் செஞ்சாகணும்."

முப்பத்து நாலு வருடத்தில் டாக்டர்கள்கூட என்னிடம் இப்படிப் பேசியதில்லை. அவள் காபி டம்ளர்களைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனாள்.

ஆமாம், தம்பி. பவர் பத்திரம் செல்லும். புரோக்கர் இருந்தாலும் செல்லும், இல்லாவிட்டாலும் செல்லும். ஒரு நோயாளியின் சீட்டில் ஒரு டிகிரி காய்ச்சலைக்கூட மாற்றி எழுதாதவள், உனக்கு இரண்டு கடிதத்தில் சட்டம் சட்டம் என்று புளுகியிருக்கிறேன். கமிஷனும் கத்தரிக்காயும் சும்மா சொன்னது. புரோக்கரிடம் கொடுத்தால் அங்கிருந்தே ஒரு காகிதம் அனுப்பிவிட்டு நீ ஒதுங்கிக்கொள்வாய் என்று பயந்துதான் நானே விற்கிறேன் என்று கிளம்பினேன். கப்பல் கம்பெனியில் நாள் முழுக்கப் பத்திரங்களைப் படிக்கிறவன் நீ. நான் எழுதியது பொய் என்று முதல் கடிதத்திலேயே உனக்குத் தெரிந்திருக்கும். தெரிந்துதான் என் இஷ்டம் என்று எழுதினாயா? அந்த மூன்று வார்த்தையை இந்த ஒரு வாரத்தில் பலமுறை எடுத்துப் படித்துவிட்டேன்.

அம்மா போன அன்று நீ போன் செய்தாய். டிக்கெட் கிடைத்துவிட்டது, நாளை மறுநாள் அங்கே இருப்பேன் என்றாய். "பாக்க வேண்டியவங்க போயாச்சு. இனிமே யாரைப் பாக்க வரப்போறே" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். நீ டிக்கெட்டை ரத்து செய்துவிட்டாய். அது உன் குற்றம் இல்லை. கதவைச் சாத்தியவள் நான். நீ வெளியே நின்றாய், அவ்வளவுதான். அம்மா கடைசி வாரம் முழுக்க உன் பேரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். பக்கத்திலேயே இருந்த என்னை ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. அந்த ஆத்திரத்தை அம்மாவிடம் காட்ட முடியாது, அதை உன்மேல் கொட்டினேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது எழுதிப் பார்க்கும்போது சின்னப் பிள்ளைத்தனமாகத்தான் இருக்கிறது. அறுபத்து மூன்று வயதில் சொல்ல வெட்கமாகவும் இருக்கிறது. இருந்தாலும் மன்னித்துவிடு என்று கேட்கிறேன்.

சாவிக்கொத்தை நீ ஒரு தடவை பார்க்க வேண்டும். இப்படி ஒரு ஸ்டாப் நர்ஸ் என் வார்டில் இருந்திருந்தால் நான் ஐந்து வருடம் முன்னாலேயே நிம்மதியாக ஓய்வு வாங்கியிருப்பேன். அதை அவளிடமே சொன்னேன். இப்போதும் ஒன்றும் கெட்டுவிடவில்லை, வாரம் இரண்டு நாள் வந்து என் ஆட்களுக்கு வீடு எப்படிப் பெருக்குவது என்று சொல்லிக் கொடுங்கள் என்றாள். யோசிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். ஆனால் வாங்க வருகிறவர்களிடம் நான் வாயைத் திறக்கக்கூடாது என்று முன்னாலேயே எழுதி வாங்கிக்கொள்வாளாம்.

இத்துடன் பவர் பத்திரப் படிவம் ஒன்று வைத்திருக்கிறேன். அவளே நிரப்பிக் கொடுத்தாள். நீ கையெழுத்துப் போட்டு, அங்கே ஒரு நோட்டரி வக்கீலிடம் முத்திரை வாங்கி அனுப்பினால் போதும். ஜூன் இருபத்து நாலாம் தேதி உன் இடத்தில் நானே கையெழுத்துப் போட்டுவிடுவேன். வேலையும் தடைபடாது, வாங்குகிறவர்களுக்கும் கஷ்டம் இல்லை. உன் வீட்டுக்காரியும் சின்னவளும் நீயும் ஒரு குறையும் இல்லாமல் நீடூழி வாழ வேண்டும்.

நீ அதை அனுப்பிவிட்டால் எனக்கு ஒரு வருத்தமும் இருக்காது என்று எழுதி இந்தக் கடிதத்தை முடிக்கத்தான் நினைத்தேன். பொய் எழுதியது போதும். அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு வா, தம்பி.

உன் அக்கா